சூடு ஆறும் முன் கந்தகத்தைப் பிடித்தல்

நிலக்கரியை முழுதாக எரிய விடாமல், அளவான ஆக்சிஜனும் நீராவியும் மட்டும் கொடுத்துச் சூடாக்கினால் அது வாயுவாகிறது. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த அந்த வாயு, பல வகைக் கலன்களில் 900 முதல் 1500 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் வெளியேறுகிறது. அதை எரிவாயுச் சுழலியில் எரித்து மின்சாரம் எடுக்கலாம். மெத்தனாலாகவோ யூரியாவாகவோ மாற்றலாம். எதைச் செய்வதானாலும் முதலில் அதிலுள்ள கந்தகத்தை நீக்கியாக வேண்டும். இதற்காகப் பெரும்பாலான ஆலைகள் வாயுவை ஏறத்தாழ 40 டிகிரிக்குக் குளிர்வித்து அமீன் கரைசலில் கழுவுகின்றன. ரெக்டிசால் முறையில் குளிர்ந்த மெத்தனாலால் கழுவுவதென்றால் உறைநிலைக்கும் 40 டிகிரி கீழே வரை போக வேண்டியிருக்கும். கழுவி முடிந்த வாயுவை மறுபடியும் சூடாக்கித்தான் அடுத்த கட்டத்துக்கு அனுப்புகிறார்கள்.

இறக்கிய சூட்டைத் திரும்ப ஏற்றுவதற்குப் பதில், வாயு சூடாக இருக்கும்போதே கந்தகத்தைப் பிடித்துவிட முடியாதா? 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவும் ஜப்பானும் இந்தக் கேள்வியை மும்முரமாகக் கையில் எடுத்தன. நம்பத்தக்க விடை கிடைக்க நாற்பது ஆண்டுகள் ஆயின. இந்தத் தாமதத்துக்கு வேதியியல் பெரிதாகக் காரணமில்லை. எந்தப் பொருள் கந்தகத்தைப் பிடிக்கும் என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. அந்தப் பொருளின் மணிகள் எத்தனை முறை உடையாமல் உழைக்கும், வாயு உண்மையில் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளையும் ஆய்வுலகம் மிகத் தாமதமாகவே கேட்டது என்பது என் கருத்து.

கொதிகலனில் எரியும் நிலக்கரியின் கந்தகம் சல்ஃபர் டைஆக்சைடாகும். வாயுவாக்கும் கலனில் ஆக்சிஜன் போதாததால் அது ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடாகிறது. சிறு பங்கு கார்பனைல் சல்ஃபைடாகிறது. 1 விழுக்காடு கந்தகம் உள்ள ஒரு டன் நிலக்கரியில் 10 கிலோ கந்தகம் இருக்கிறது. அந்த ஒரு டன்னிலிருந்து சுமார் 2000 கன மீட்டர் வாயு கிடைப்பதாகக் கொண்டால், அதில் பத்து லட்சத்துக்கு 3500 பங்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். ஆயிரம் பங்கை நெருங்கும் செறிவே மனிதரைச் சில மூச்சுகளில் வீழ்த்தக்கூடியது. நூறு பங்கு அளவிலேயே மூக்கு மரத்துப்போய், அழுகிய முட்டை நாற்றமும் தெரியாமல் போய்விடும். உலோகக் குழாய்களையும் சுழலி இதழ்களையும் அது அரிக்கும். எரித்தால் சல்ஃபர் டைஆக்சைடாகிப் புகைபோக்கி வழியே வெளியேறும். மின்சாரத்துக்கான வாயுவில் பத்து லட்சத்துக்குச் சில பத்துப் பங்கு கந்தகம் மிஞ்சினாலும் சமாளிக்கலாம். மெத்தனால் செய்யும் செப்பு வினையூக்கியோ ஒரு பங்கில் பத்தில் ஒன்றைக்கூடத் தாங்காமல் செயலிழந்துவிடும்.

திடப்பொருளைக் கொண்டு கந்தகத்தைப் பிடிப்பது ஒன்றும் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் தெருவிளக்குகளுக்கு நிலக்கரி வாயு தயாரித்த இங்கிலாந்து ஆலைகள் முதலில் அதைச் சுண்ணாம்பால் சுத்தம் செய்தன. செலவான சுண்ணாம்பு தாங்க முடியாத நாற்றத்தோடு மலைபோல் குவிந்தது. 1840களின் இறுதியில் இரும்பு ஆக்சைடுக்கு மாறினார்கள். கந்தகம் ஏறிய இரும்பு ஆக்சைடை வெளியே பரப்பிக் காற்றுப்பட விட்டால் அது மறுபடியும் வேலைக்குத் தயாராகும். பாதி எடைக்குக் கந்தகம் சேரும்வரை இப்படித் திரும்பத் திரும்பப் பயன்படுத்திவிட்டு, கந்தக அமிலம் செய்பவர்களுக்கு விற்றார்கள். பிடி, புதுப்பி, மறுபடி பிடி, சேர்ந்த கந்தகத்தை விற்பனைப் பொருளாக்கு என்ற திட்டம் அப்போதே முழு வடிவம் பெற்றுவிட்டது. அதைச் சாதாரண வெப்பத்திலிருந்து 500, 600 டிகிரிக்குக் கொண்டுபோவதுதான் மீதி வேலை என்று 1970களின் ஆய்வாளர்களுக்குத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை.

1976இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிலிப் வெஸ்ட்மோர்லாண்ட், டக்ளஸ் ஹாரிசன் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரும்பாலும் உலோக ஆக்சைடுகளான 28 திடப்பொருள்களை எடுத்துக்கொண்டு, வாயுவாக்கும் சூழலில் எவை கந்தகத்தைப் பிடிக்கும், எவை உருக்குலைந்துபோகும் என்று வெப்ப இயக்கவியல் கணக்கைக் கொண்டே சலித்துப் பார்த்தார்கள். பதினொரு உலோகங்கள் தேறின: இரும்பு, துத்தநாகம், மாலிப்டினம், மாங்கனீசு, வனேடியம், கால்சியம், ஸ்ட்ரான்ஷியம், பேரியம், கோபால்ட், செம்பு, டங்ஸ்டன். இந்தத் துறையில் பின்னர் நடந்த வேலைகளில் பெரும்பகுதி இந்தப் பட்டியலுக்குள்ளேயே நடந்தது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை இருந்தது. கால்சியம் மலிவானது, 900 டிகிரியிலும் வேலை செய்யும். ஆனால் அதில் உருவாகும் கால்சியம் சல்ஃபைடு ஈரம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடைத் திரும்ப வெளியிடும். கொட்டுவதற்கு முன் அதைச் சல்ஃபேட்டாக்கியாக வேண்டும். இரும்பு வேகமாகப் பிடிக்கும், நிறையவே பிடிக்கும். ஆனால் சூடான வாயுவில் கந்தகத்தைச் சுமார் நூறு பங்குக்குக் கீழே இறக்கத் திணறும். செம்பு மிக நுண்ணிய அளவுவரை துடைத்தெடுக்கும். வாயுவிலுள்ள ஹைட்ரஜனோ செம்பு ஆக்சைடை உலோகமாகவே ஒடுக்கிவிடும், பிறகு அந்தத் திறமை போய்விடும். மாங்கனீசு உலோகமாக ஒடுங்காமல் தாக்குப்பிடிக்கும். ஆனால் கந்தகத்தின் மீது அதற்குப் பிடி போதாது, புதுப்பிக்கவும் மிகுந்த சூடு வேண்டும்.

கடைசியில் எல்லோரும் துத்தநாகத்திடம் வந்து சேர்ந்தார்கள். துத்தநாக ஆக்சைடு ஹைட்ரஜன் சல்ஃபைடோடு சேர்ந்தால் துத்தநாக சல்ஃபைடும் நீராவியும் கிடைக்கும். கார்பனைல் சல்ஃபைடையும் அதுவே நேராகப் பிடிக்கும். அமீன் கழுவலில் கார்பனைல் சல்ஃபைடு சரியாகச் சிக்குவதில்லை. அதை முதலில் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றத் தனி வினைகலன் வைக்க வேண்டியிருக்கிறது. நாப்தாவிலிருந்தும் இயற்கை வாயுவிலிருந்தும் அம்மோனியா செய்யும் உர ஆலைகளில் வினையூக்கிக்கு முன்னால் காவலாக நிற்பதும் துத்தநாக ஆக்சைடுப் படுகைதான். அது 350, 400 டிகிரியில் வேலை செய்கிறது. நிறைந்ததும் எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புகிறார்கள். அங்கே வரும் கந்தகம் சொற்பமானது என்பதால் அது கட்டுப்படியாகிறது.

நிலக்கரியில் அது நடக்காது. 10 கிலோ கந்தகத்தைப் பிடிக்க 25 கிலோவுக்குச் சற்று மேல் துத்தநாக ஆக்சைடு வேண்டும். நாளொன்றுக்கு 2000 டன் நிலக்கரியை வாயுவாக்கும் ஆலையில் அது 50 டன்னாகிறது. 3 விழுக்காடு கந்தகமுள்ள நிலக்கரியானால் 150 டன். அதை அன்றாடம் தூக்கிப் போட எந்த ஆலையாலும் முடியாது. நூற்றுக்கணக்கான முறை புதுப்பித்துப் பயன்படுத்த முடிந்தால் மட்டுமே இந்த முறைக்கு வாழ்வுண்டு. சிக்கலெல்லாம் தொடங்கியது இந்த இடத்தில்தான்.

புதுப்பிப்பது என்றால் துத்தநாக சல்ஃபைடின் மீது காற்றைச் செலுத்தி, கந்தகத்தைச் சல்ஃபர் டைஆக்சைடாக வெளியேற்றி, துத்தநாகத்தை மறுபடி ஆக்சைடாக்குவது. கந்தகத்தைப் பிடிக்கும்போது மோலுக்கு 77 கிலோஜூல் வெப்பம்தான் வெளியாகிறது. புதுப்பிக்கும்போது வெளியாவதோ 440 கிலோஜூல், ஏறத்தாழ ஆறு மடங்கு. காற்றைத் தாராளமாக விட்டால் மணிகள் ஒன்றோடொன்று இளகி ஒட்டி, உள்துளைகள் அடைபட்டுப்போகும். சூட்டைக் குறைத்து வைத்தால் துத்தநாகம் ஆக்சைடாகாமல் சல்ஃபேட்டாகிவிடும். எனவே பிடிப்பது 500 டிகிரி வாக்கில், புதுப்பிப்பது 650, 700 டிகிரிக்கு மேல், ஆனால் அதைவிட அதிகம் மேலேயும் போகக்கூடாது என்ற ஒடுக்கமான பாதையில் நடக்க வேண்டியிருந்தது.

மணிக்குள் நடப்பது இன்னும் கடுமையானது. ஆக்சைடின் ஒரு மோல் 14.5 கன சென்டிமீட்டர் இடத்தை அடைக்கிறது. சல்ஃபைடானால் அது ஏறத்தாழ 24 ஆகிறது. சல்ஃபேட்டானால் 45ஐத் தாண்டி, மும்மடங்குக்கு மேல் போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மணி உள்ளுக்குள் வீங்கிச் சுருங்குகிறது. சட்டிக்குள் இறுக மூடி ஊறவைத்த பருப்பு சட்டியையே பிளப்பதைப்போல, சல்ஃபேட் மணியை உள்ளிருந்து பிளக்கிறது. உடைந்த மணி தூளாகும். தூள் வாயுவோடு பறந்து வடிகட்டியை அடைக்கும். ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்க்குள் அசையாமல் கிடக்கும் ஒரு கைப்பிடி மணிகளில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரிவதில்லை. பத்துச் சுற்று, இருபது சுற்று நன்றாகவே போகும். ஆலையில் டன் கணக்கான மணிகள் ஒன்றோடொன்றும் சுவரோடும் மோதியபடி ஓயாமல் நகரும்போதுதான் அது வெளிப்பட்டது.

இதோடு துத்தநாகத்துக்கே உரிய இன்னொரு குறையும் சேர்ந்தது. சூடு அதிகமானால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் துத்தநாக ஆக்சைடை உலோகமாக ஒடுக்கும். உலோகத் துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும். அதற்கு வெகு முன்பே ஆவியாகி வாயுவோடு போய்விடும். மேற்கு வர்ஜீனியாவின் மார்கன்டவுனில் இருந்த அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வு மையம் இரும்பையும் துத்தநாகத்தையும் இணைத்துத் துத்தநாக ஃபெரைட் என்ற சேர்மத்தில் நெடுநாள் உழைத்தது. பிறகு கவனம் துத்தநாக டைட்டனேட்டுக்குத் திரும்பியது. டைட்டானியம் கந்தகத்தைத் தொடுவதில்லை. துத்தநாகம் ஆவியாகாமல் பிடித்து நிறுத்துவதுதான் அதன் வேலை. அது 600 டிகிரிக்கு மேலும் வேலைசெய்ய வழிவிட்டது. ஆனால் மணி உடைவதை முழுதாக நிறுத்தவில்லை.

1990களில் இந்த முறை ஆலைகளுக்குப் போனது. ஃபுளோரிடாவில், பழைய பாஸ்பேட் சுரங்க நிலத்தில் எழுந்த டாம்பா மின்நிறுவனத்தின் 250 மெகாவாட் போல்க் நிலையம் 1996இல் இயங்கத் தொடங்கியது. அதன் வாயுவில் பத்தில் ஒரு பங்கைச் சூடாகவே சுத்தம் செய்ய நகரும் படுகை அமைப்பைக் கட்டியிருந்தார்கள். மணிகளின் தேய்மானம் தாங்க முடியாத அளவில் இருந்ததால் அது வாயுவைக் காணாமலேயே கைவிடப்பட்டது. முழு வாயுவும் அமீன் கழுவலுக்கே போனது. நெவாடாவில் ரீனோ நகருக்கு அருகே கட்டப்பட்ட பின்யோன் பைன் ஆலை இன்னும் துணிச்சலானது. சுமார் 100 மெகாவாட் கொண்ட அந்த ஆலை முழு வாயுவையும் சூடாகவே சுத்தம் செய்வதை நம்பிக் கட்டப்பட்டது. கலனுக்குள்ளேயே சுண்ணாம்புக்கல், வெளியே துத்தநாக உறிஞ்சி, அதோடு பீங்கான் வடிகட்டிகள். 1998 முதல் பலமுறை தொடங்கிப் பார்த்தும் அதன் வாயுவாக்கும் கலன் ஒருமுறைகூட நிலையான இயக்கத்தை எட்டவில்லை. பெரும் தொல்லை கொடுத்தது வடிகட்டியில் சேரும் நுண்தூளை வெளியேற்றும் அமைப்பு. கந்தகம் நீக்கும் பகுதிக்குத் தன் திறமையைக் காட்டும் வாய்ப்பே கிட்டவில்லை. ஜப்பானின் நகோசோவில், நாளுக்கு 200 டன் நிலக்கரியை வாயுவாக்கிய சோதனை ஆலையில் 1990களில் சூடான முறை ஓடிக் காட்டியது. ஆயினும் 2007இல் அதே ஊரில் தொடங்கிய 250 மெகாவாட் ஆலை ஈரக் கழுவலையே தேர்ந்துகொண்டது.

இந்தத் தோல்விகளை உறிஞ்சியின் தோல்விகள் என்று எழுதிவிடுவது எளிது. நான் அவற்றை வேறுவிதமாகப் பார்க்கிறேன். சூடு கூடக் கூட ஆதாயமும் கூடும் என்ற நம்பிக்கையில் எல்லோரும் 600 டிகிரியையும் அதற்கு மேலும் குறிவைத்தார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 1000 டிகிரியிலிருந்து 400 டிகிரிக்கு வாயுவைக் குளிர்விக்கும்போது கிடைக்கும் வெப்பம் வீணாவதில்லை. அதில் உயரழுத்த நீராவி செய்து சுழலியை ஓட்டலாம், ஓட்டவும் செய்கிறார்கள். பெரிய இழப்பு அடிமட்டத்தில்தான் இருக்கிறது. 200 டிகிரிக்குக் கீழே போகும்போது வாயுவிலுள்ள நீராவி தண்ணீராகக் கொட்டிவிடும். அதன் வெப்பத்தைப் பயனுள்ள வேலைக்குத் திருப்புவது கடினம். அந்தத் தண்ணீரில் அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் கரைந்திருப்பதால் அதைச் சுத்தம் செய்ய வேறு செலவும் உண்டு. ஆக, தண்ணீர் கொட்டும் எல்லைக்கு மேலே நின்றாலே ஆதாயத்தில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். 400 டிகிரியில் நிற்பதற்கும் 650 டிகிரியில் நிற்பதற்கும் திறனில் வேறுபாடு மிகக் குறைவு. ஆனால் உபகரணங்களுக்கு அந்த வேறுபாடு மிகப் பெரியது. வால்வுகள், இணைப்புகள், வடிகட்டிகள் எல்லாம் கிடைக்கக்கூடிய உலோகத்தில் அமையுமா இல்லையா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. சோடியம், பொட்டாசியம் ஆவிகள் தூளின் மேல் படிந்து வடிகட்டியோடு நீங்கிவிடுவதும் 600 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான்.

இந்தக் கணக்கு தெளிவானபின் ஆய்வாளர்களே ‘சூடான’ என்ற சொல்லை விட்டு ‘வெதுவெதுப்பான’ என்று சொல்லத் தொடங்கினார்கள். வட கரோலினாவின் ஆர்டிஐ நிறுவனம் இதில் வெகுதூரம் போனது. அவர்கள் இரண்டு காரியங்கள் செய்தார்கள். துத்தநாக ஆக்சைடை அலுமினா சார்ந்த உறுதியான சட்டகத்துக்குள் மிக நுண்ணிய துகள்களாகப் பரப்பி, வீக்கத்தைச் சட்டகம் தாங்கிக்கொள்ளும்படி செய்தார்கள். அதை மாவுபோன்ற சிறு மணிகளாக்கி, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் பல பத்தாண்டுகளாக வினையூக்கியைச் சுற்றவிடும் அதே வகைக் குழாய் அமைப்பில் ஓடவிட்டார்கள். ஒரு குழாயில் வாயுவோடு மேலே எழும் மணிகள் கந்தகத்தைப் பிடிக்கும். இன்னொரு குழாயில் காற்றுப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டுத் திரும்பும். மணிகள் ஓடிக்கொண்டே இருப்பதால் புதுப்பிக்கும் வெப்பம் ஓரிடத்தில் தேங்குவதில்லை. படுகையில் கிடத்தி வைத்த காலத்தில் பெருந்தொல்லையாக இருந்த 440 கிலோஜூல், இங்கே மணிகளைச் சூடாக்கும் எரிபொருளாகவே மாறிப்போனது.

டென்னசியின் கிங்ஸ்போர்ட்டில் ஈஸ்ட்மன் வேதி ஆலையின் உண்மையான நிலக்கரி வாயுவில் 3000 மணி நேரத்துக்கு மேல் சிறிய அளவில் சோதித்த பிறகு, இந்த அமைப்பு போல்க் நிலையத்துக்கே வந்தது. அதற்குச் சுமார் 18 ஆண்டுகளுக்கு முன் இதே கருத்து கைவிடப்பட்ட அதே இடம். 50 மெகாவாட்டுக்கு ஈடான வாயுவை எடுத்துக்கொண்ட அந்த அமைப்பு 2014 முதல் 2016 வரை 3500 மணி நேரத்துக்கு மேல் ஓடி, கந்தகத்தில் 99.8 விழுக்காட்டுக்கும் கூடுதலாக நீக்கியது. போல்க் ஏற்கெனவே தன் கந்தகத்தைக் கந்தக அமிலமாக்கிப் பக்கத்திலுள்ள பாஸ்பேட் உரத்தொழிலுக்கு விற்றுவந்த நிலையம். புதுப்பிக்கும்போது வெளியேறும் சல்ஃபர் டைஆக்சைடுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது.

வேலை செய்கிறது என்று நிரூபணமான வேளையில் சந்தை காணாமல் போயிருந்தது. பாறை வாயுவின் வரவால் அமெரிக்காவில் இயற்கை வாயு மலிவானது. மிசிசிப்பியின் கெம்பர் ஆலை 2017இல் வாயுவாக்கத்தைக் கைவிட்டது. போல்க்கும் பின்னர் இயற்கை வாயுவுக்கு மாறிவிட்டது. ஐரோப்பாவில் நெதர்லாந்தின் புக்கனும் ஆலை 2013இல் மூடப்பட்டிருந்தது. இத்தனை பேரின் இத்தனை ஆண்டு உழைப்பு, தேவை வடிந்த நேரத்தில் பலன் கண்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஆய்வு அத்தோடு முடியவில்லை. அருமண் தனிமங்களான சீரியம், லாந்தனம் ஆகியவற்றின் ஆக்சைடுகளும் கந்தகத்தைப் பிடிக்கும். சீரியத்தைப் புதுப்பிக்கச் சல்ஃபர் டைஆக்சைடையே செலுத்தினால், கந்தகம் நேராகத் தனிமமாகவே வெளியேறும் என்று லூசியானாவில் ஹாரிசனின் குழு காட்டியது. 2006இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் மரியா ஃபிளைட்சானி ஸ்டெஃபனோபூலோஸ் குழுவினர் வேறு வழி சொன்னார்கள். கந்தகம் மணியின் உள்ளே போகாமல் மேற்பரப்பில் மட்டும் ஒட்டும்படி செய்தால் மணி வீங்கவே வீங்காது. 800 டிகிரியிலும் சுற்றுக்குச் சுற்று தேயாமல் வேலை செய்யும். பிடிக்கும் அளவு குறைவு என்பதால் சுற்றுகள் வேகமாக மாற வேண்டும். மணி ஏன் உடைகிறது என்பதை நேராக எதிர்கொண்டதால் எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடித்தமானது.

நம் நாட்டுக்கு இது இப்போது மறுபடியும் தேவைப்படுகிறது. 2030க்குள் ஆண்டுக்கு 10 கோடி டன் நிலக்கரியை வாயுவாக்குவது என்று இந்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது. 2024 ஜனவரியில் 8500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஒப்புதல் கொடுத்தது. வாயுவாக்கம் நமக்குப் புதிதல்ல. நெய்வேலியில் 1966இல் தொடங்கிய உர ஆலை பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கித்தான் யூரியா செய்தது. திருச்சிராப்பள்ளி பெல் வளாகத்தில் 6.2 மெகாவாட் சோதனை நிலையம் அமைத்து, சாம்பல் மிகுந்த நம் நிலக்கரியை வாயுவாக்கி மின்சாரம் எடுத்துப் பார்த்தார்கள். ஒடிசாவின் அங்குலில் நிலக்கரி வாயுவைக் கொண்டு இரும்பு செய்கிறார்கள். அங்கே கந்தகத்தை எடுப்பது ரெக்டிசால்.

இந்திய நிலக்கரியில் கந்தகம் பெரும்பாலும் 0.6 விழுக்காட்டுக்குள் அடங்கும். சாம்பலோ 35, 40 விழுக்காட்டைத் தாண்டும். அசாம், மேகாலயா நிலக்கரி மட்டும் விலக்கு, அங்கே கந்தகம் பல மடங்கு அதிகம். அதனால் கந்தகம் நமக்கொரு பொருட்டல்ல என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. அதை நான் ஏற்கவில்லை. சாம்பலைக் குறைப்பதற்காக ஒடிசாவின் தால்சேர் உர ஆலைத் திட்டம் நிலக்கரியோடு பெட்ரோலியக் கரியைக் கலக்கப் போகிறது. பெட்ரோலியக் கரியில் கந்தகம் 5, 6 விழுக்காடு இருப்பது சாதாரணம். 0.5 விழுக்காடு கந்தகமுள்ள நிலக்கரியில் 6 விழுக்காடு கந்தகமுள்ள கரியைக் கால் பங்கு கலந்தால் மொத்தக் கந்தகம் 1.9 விழுக்காட்டை நெருங்கும், ஏறத்தாழ நான்கு மடங்கு. அதோடு நம் இலக்கு மின்சாரத்தைவிட யூரியாவும் மெத்தனாலும்தான். அவற்றின் வினையூக்கிகள் கந்தகத்தைச் சிறிதும் பொறுக்காதவை. வெதுவெதுப்பான நீக்கம் பெரும்பகுதியை எடுத்துவிட்டால், உர ஆலைகளுக்கு நன்கு பழக்கமான காவல் படுகை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மெத்தனால் வினைகலன் 250 டிகிரி வாக்கில் ஓடுவது. அதற்குப் போகும் வாயுவை உறைநிலைக்குக் கீழே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதன் செலவை நம் திட்ட அறிக்கைகள் தனியே கணக்கிட்டுக் காட்ட வேண்டும். கார்பன் டைஆக்சைடையும் சேர்த்து நீக்க வேண்டிய இடங்களில் ரெக்டிசால் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துவிடும் என்பதும் நியாயமான எதிர்வாதம். அந்தத் தராசு ஆலைக்கு ஆலை மாறும்.

நமக்கென்று தனியாகச் செய்ய வேண்டிய சோதனை ஒன்று பாக்கியிருக்கிறது. போல்க்கில் ஓடிய உறிஞ்சி 40 விழுக்காடு சாம்பல் கொண்ட நிலக்கரியின் வாயுவைக் கண்டதில்லை. பின்யோன் பைனை வீழ்த்திய நுண்தூள் இங்கே அதைவிடப் பல மடங்கு வரும். வடிகட்டியைத் தாண்டி வரும் சாம்பல் உறிஞ்சி மணிகளோடு கலந்து சுற்றும்போது தேய்மானம் எவ்வளவு, சாம்பலையும் மணியையும் எப்படிப் பிரிப்பது, குளோரின் சேர்மங்கள் துத்தநாகத்தைக் குளோரைடாக்கி ஆவியாக இழுத்துப் போகுமா என்ற கேள்விகளுக்கு இங்கத்திய நிலக்கரியை வைத்துத்தான் விடை காண முடியும். அதற்கு நூறு மெகாவாட் ஆலை தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவதொரு வாயுவாக்கும் கலனிலிருந்து நூற்றில் ஒரு பங்கு வாயுவைத் தனியே எடுத்து, ஓராண்டு இடைவிடாமல் ஒரு சிறு சுற்றோட்ட அமைப்பில் ஓட்டி, வாரந்தோறும் மணிகளை எடைபோட்டுப் பார்த்தாலே போதும்.